படுத்த பிறகு ஓடும் மனம்

(பொன்முடி தேயிலைத் தோட்டத்தில், மாலை நேரத் தொடர்கல்வி வகுப்பில் பேசியது)



மலை ஏறி வரும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் உட்கார்ந்து வந்த எனக்கே தலை சுற்றிவிட்டது. இந்த வளைவுகள் பிறகு நமக்கு வேண்டும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை வந்தபோது லயத்தில் ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், பகல் முழுக்கக் கொழுந்து பறிக்கிறேன். முதுகு ஒடிகிறது. பாயில் விழுந்ததும் தூக்கம் வர வேண்டாமா? உடம்பு படுத்துவிடுகிறது. மனசு படுக்க மாட்டேன் என்கிறது" என்றார்.

என்ன நினைப்பு ஓடும் என்று கேட்டேன். மகள் நர்சிங் படிக்கிறாள். திங்கட்கிழமை பீஸ் கட்ட வேண்டும். சீட்டுப் பணம் அதற்குள் கைக்கு வருமா? ரேஷன் கார்டில் மருமகள் பேரைச் சேர்க்க வேண்டும். தங்கச்சியைக் கோபமாகப் பேசிவிட்டோமே! இப்படிப் பீஸில் தொடங்கித் தங்கச்சியில் முடியும். மறுபடியும் பீஸில் தொடங்கும். மணி ஒன்றாகும், இரண்டாகும். காலையில் பெரட்டுக்குப் போகும்போது கண் எரியும்.

உங்களில் எத்தனை பேருக்கு இப்படி? கை தூக்குங்கள். அடேயப்பா, இத்தனை கைகளா! என் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனம் ஏன் இப்படிச் செய்கிறது? பகலில் கைக்கு வேலை, வாய்க்குப் பேச்சு. மனம் பேச வந்தால் கேட்க ஆள் இல்லை. இரவில்தான் நாம் அதன் கையில் தனியாக அகப்படுகிறோம். "இதை மறந்துவிடாதே, அதை மறந்துவிடாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அது நமக்கு எதிரி இல்லை. மறந்துபோகுமோ என்று பயப்படுகிறது.

டீக்கடைக்காரரைப் பாருங்கள். காசு கொடுத்தவர்களை அவர் நினைப்பதில்லை. கடன் சொன்னவர்களை நினைக்கிறார். அதற்காக இரவெல்லாம் அவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டு இருக்கிறாரா? இல்லை. நோட்டில் எழுதிவிட்டுக் கடையை மூடுகிறார்.

நாமும் அதைச் செய்யலாமே?

அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மைக்கேல் ஸ்கல்லின் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். இளவயதினர் 57 பேர். படுக்கும் முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலர், இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மற்றவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள்.

ஒன்பது நிமிடம்தானா என்று சிரிக்கிறீர்கள். புரண்டு படுத்துப் பாருங்கள், ஒன்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும்!

அந்த அக்கா முன்பு கைநாட்டு. இந்த வழியை அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவருக்குப் பயன்பட்டிருக்காது. இப்போது எழுதுகிறார். முதல் நாள் "பீஸ்" என்று ஒரே வார்த்தை எழுதினார். தூக்கம் வரவில்லை. பேரை மட்டும் எழுதினால் மனம் ஒத்துக்கொள்வதில்லை. "சரி, என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கும். மறுநாள் இப்படி எழுதினார்: "பீஸ். நாளை மதியம் அண்ணனுக்குப் போன். எவ்வளவு தர முடியும் என்று கேட்கணும்." கீழே, "தங்கச்சி. நான்தான் முதலில் பேசணும்." கடைசியில் "மழை" என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மழைக்கு நாம் என்ன செய்ய முடியும்?

எழுதினால் பணம் வந்துவிடுமா? வராது. ஆனால் இரவு ஒரு மணிக்கு அண்ணனைக் கூப்பிட முடியாதே. அது மதிய வேலை. மதியத்துக்கு என்று எழுதி வைத்தாயிற்று.

பாயில் படுத்துக்கொண்டு எழுத வேண்டாம். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, உட்கார்ந்து எழுதுங்கள். எழுத்துப் பிழை இருக்கட்டும். யாரும் திருத்தப் போவதில்லை.

எழுதிய பிறகும் சில நாள் தூக்கம் வராது. அப்போதுதான் வளைவுகள் வேண்டும். 2002-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒன்று கண்டார்கள். மனதுக்கு இதமான ஓர் இடத்தை விவரமாக நினைத்துப் பார்த்தவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். உங்களுக்கு இடமா பஞ்சம்? கண்ணை மூடி மலையிலிருந்து இறங்குங்கள். முதல் வளைவு. என்ன மரம்? மூடுபனி இருக்கிறதா? அடுத்த வளைவு. மெல்ல இறங்குங்கள். கல்லாற்றுச் சத்தம் கேட்கும்வரை போனேன் என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அப்படியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள். போனைத் தொடாதீர்கள். கொட்டாவி வந்ததும் போய்ப் படுங்கள்.

இன்னொன்று. சொன்னால் கோபிக்கக் கூடாது. இது தேயிலைத் தோட்டம். ஆனாலும் ராத்திரி கடுஞ்சாயா வேண்டாம். தேயிலையில் காப்பீன் என்ற பொருள் இருக்கிறது. சாயங்காலம் 5 மணிக்குக் குடித்ததில் ஏறக்குறையப் பாதி, 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். அண்ணன்மாரே, சாராயமும் தூக்க மருந்து அல்ல. முதலில் தூங்க வைக்கும். நடு இரவில் எழுப்பிவிடும்.

வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தூக்கம் இல்லை, மாதக்கணக்கில் இப்படி இருக்கிறது என்றால் நோட்டு போதாது. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கும் பேசலாம். அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. நோட்டை எடுங்கள். நாளைக்கு என்ன வேலை, யாரிடம் போக வேண்டும், எத்தனை மணிக்கு? எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.