எயார் ரைபிளால் வட்டை தப்பாது



“எலித் தொல்லையை அடக்க இரவில் எயார் ரைபிளோடு இறங்குவதே சிறந்த வழி” என்று இந்த விவாதத்தில் எனக்கு முன்னால் எதிரணித் தம்பி பேசினார். நன்றாகவே பேசினார். நஞ்சு வைப்பதைப் பற்றி அவர் சொன்னபோது நானும் கை தட்டினேன். கடையில் மெழுகுக் கட்டியாக விற்கிறார்களே, அந்த புரோடிபாகூம் நஞ்சைத் தின்ற எலி அன்றைக்கே சாகாது. இரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசிந்து, நாலைந்து நாள் தள்ளாடித் திரிந்துதான் சாகும். அப்படித் தள்ளாடுகிற எலியைப் பூனை பிடிக்கும், நாய் கவ்வும், கூகை தூக்கிக்கொண்டு போகும். எலி தின்ற நஞ்சு அவற்றின் ஈரலில் போய்த் தங்கும். இதில் எனக்கும் தம்பிக்கும் வழக்கு இல்லை. கோழிக்கூட்டுக்கு நாள் தவறாமல் வந்து முட்டை உருட்டுகிற ஒரு கிழட்டுப் பெருச்சாளியை, கை நடுங்காத ஒருவர், பின்னால் மண்சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து, தலையில் ஒரே குண்டில் சுட்டால் அதுவும் நியாயமே. அந்த எலிக்கு வேதனை குறைவு.

ஆனால் நடுவர் அவர்களே, நமது தலைப்பு ஓர் எலியைக் கொல்வதைப் பற்றியது அல்ல. எலியை அடக்குவதைப் பற்றியது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாவி அளவு தூரம் இருக்கிறது.

எலி சினைப்பட்டு ஈனுவதற்கு 3 கிழமை போதும். ஈன்ற ஒன்றிரண்டு நாளிலேயே மறுபடி சினைப்படும். ஓர் ஈற்றில் ஆறு, ஏழு, எட்டுக் குட்டி. அந்தக் குட்டியும் இரண்டு மூன்று மாதத்தில் தாயாகும். தம்பி ஓர் இரவு முழுக்க விழித்திருந்து நாலு எலி சுடுகிறார் என்று வைப்போம். சினைப்பட்ட ஒன்று வளைக்குள் தப்பிக் கிடந்தால், தம்பி அடுத்த பெட்டிக் குண்டு வாங்கப் போகுமுன் அந்தக் கணக்கு நேராகிவிடும். தப்பியவற்றுக்கு இரையும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் பிழைக்கிற குட்டியும் கூடும். பக்கத்து வளவில் இருந்து புதிய எலியும் வந்து குடியேறும். நாம் கொன்றது எத்தனை என்று எண்ணுவதில் பயனில்லை. வளைக்குள் மிஞ்சியது எத்தனை என்பதுதான் வேளாண்மைக்காரனின் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. எலி புதியது எதைக் கண்டாலும் சந்தேகப்படுகிற பிராணி. வெளிச்சம் அடித்தவுடன் வெளியில் நின்று சாகிறது துணிந்த எலி, இல்லையென்றால் அனுபவமில்லாத குட்டி. வளவுக்குள் ஆள் நடமாட்டத்தையும் டோர்ச் வெளிச்சத்தையும் கண்டு பழகிய எலி வேலி ஓரமாக ஓடி மறைந்துவிடும். சுடச் சுட, கூச்சம் கூடிய எலிதான் மிச்சப்படும். டோர்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டினால் எலிக்குத் தெரியாது என்று தம்பி சொன்னார். சிவப்பு வெளிச்சம் எலியின் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது, உண்மைதான். ஆனால் எலிக்குக் கண்ணைவிடக் காதும் மூக்கும் கூர்மை. வரம்பில் கால் வைத்ததும் அதற்குத் தெரியும்.

அடுத்தது வேலி. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் எயார் ரைபிளால் எலி சுடுகிறார்கள் என்று தம்பி எடுத்துக்காட்டினார். சுடுகிறார்கள்தான். ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கிற ரைபிளுக்கு அங்கே 12 அடி-இறாத்தல் என்று வலுவுக்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். அயலாரின் சம்மதம் இல்லாமல் குண்டு வளவின் எல்லையைத் தாண்டினாலே குற்றம். நமது வளவின் எல்லை எது? கிடுகு வேலி. சில இடத்தில் அதுவும் இல்லை, நாலு பூவரசங் கதியாலும் கம்பியும் மட்டும். காத்தான்குடியில், ஆரையம்பதியில், கல்லடியில் ஒரு வீட்டின் குசினி அடுத்த வீட்டின் விறாந்தையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். வெக்கை காலத்தில் அந்த விறாந்தையில்தான் பிள்ளைகள் பாய் போட்டுப் படுக்கிறார்கள். எலியைத் தவறவிட்ட ஈயக்குண்டு கல்லில் பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. கிடுகு அதைத் தடுக்காது. ஒரு பிள்ளையின் கண் போனால் அதற்கு எத்தனை மூடை நெல்லை ஈடு வைப்போம்?

தவறாமல் பட்ட குண்டும் ஈயம்தான். அதைச் சுமந்த எலியைக் காகமோ கூகையோ தின்றால் ஈயம் அதன் வயிற்றுக்குள் போகிறது. நஞ்சு கூடாது என்று பேசிய தம்பி இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். விரித்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை, உங்களுக்கும் தேவை இல்லை. யுத்தம் நடந்த 2007 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் இரவுகள் யாருடையவையாக இருந்தன என்பது இங்கே குந்தியிருக்கிற ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். எயார் ரைபிளின் சத்தம் சின்னதுதான். ஆனாலும் நடுச்சாமத்தில் துவக்கின் உருவத்தோடு ஒரு மனிதன் வரம்பில் நடந்து போவதைக் கண்டு நெஞ்சு பதறுகிற அம்மம்மாமார் இன்னமும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுடைய நித்திரைக்கு நான் மதிப்பு வைக்கிறேன்.

“அப்போ என்னதான் செய்வது அண்ணன்?” என்று தம்பி கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. என் பேச்சில் பெரும்பங்கை இதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

முதல் வேலை எண்ணுவது. 2025 மார்ச் 15, காலை 8 மணியில் இருந்து 5 நிமிடம், நாடு முழுக்க அவரவர் காணியில் நின்று குரங்கு, மந்தி, மலை அணில், மயில் எண்ணியது ஞாபகம் இருக்கும். அந்தப் பட்டியலில் எலி இல்லை. எலி பகலில் வெளியே வந்து நிற்காது, அதனால் அதை அப்படி எண்ணவும் முடியாது. ஆனால் வளையை எண்ணலாம். வயலைப் பார்த்துக்கொள்கிற நமது முல்லைக்காரர்கள் செய்கிற வேலையைத்தான் சொல்கிறேன். பின்னேரம் வரம்பு நீளத்துக்கு நடந்து, கண்ட வளை எல்லாவற்றையும் சேற்று மண்ணால் அடைத்துவிடுங்கள். விடிந்ததும் அதே வரம்பில் போய்ப் பாருங்கள். எது திறந்து கிடக்கிறதோ, எதன் வாயில் இரவு தோண்டிய ஈர மண் பொலபொலவென்று குவிந்திருக்கிறதோ, அதற்குள் எலி இருக்கிறது. அகழான் எலி உள்ளே இருந்துகொண்டே வளைவாயை மண்ணால் மூடி வைக்கும். அந்தப் புது மண்ணே அதைக் காட்டிக்கொடுக்கும். குண்டு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். எந்த வளையை வெட்டுவது, எதன் வாயில் பொறி வைப்பது என்று இப்போது நமக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள் இந்தக் கலையில் வல்லவர்கள். வளையின் ஒரு வாயில் புகை ஊதி, மற்ற வாய்களை அடைத்து, உள்ளே இருக்கிற குடும்பத்தையே எடுத்துவிடுவார்கள். எலி சேமித்து வைத்த நெல்லையும் தோண்டி எடுத்துக்கொள்வார்கள். அதற்காக மண்பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, வாயை வைத்து ஊதி ஊதி, கையும் உதடும் சுட்டு, நெஞ்சும் கெட்டுப்போன மக்கள் அவர்கள். கையால் சுற்றுகிற இரும்புப் புகைப்பொறி ஒன்று அவர்களுக்காகவே உருவாக்கப்பட்டு, 2003 இல் உலக வங்கியின் பரிசையும் பெற்றது. நான் இதில் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். துவக்குக்காரர் வெளியே வந்த ஒன்றை எடுக்கிறார். இருளர் உள்ளே இருக்கிற தாயையும் குட்டியையும் நெல்லையும் சேர்த்து எடுக்கிறார்.

எப்போது எடுப்பது என்பது அதைவிட முக்கியம். வயலில் எலி பெருகுவது பயிரைப் பார்த்துத்தான். நெல் குடலைப் பருவத்துக்கு வரும்போது எலியும் ஈனத் தொடங்கும். கதிர் முற்றும்போது குட்டிகள் நடமாடும். அந்த நேரம் நட்டத்தைக் கண்டு கோபம் வந்து துவக்கைத் தூக்குகிறோம். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பெரும்போகத்துக்கு ஐப்பசியில் விதைத்தால், பயிர் குடலைக்கு வருமுன், எலி குறைவாகவும் பசியோடும் இருக்கும்போது அடிக்க வேண்டும். அன்றைக்கு எடுக்கிற ஒரு தாய் எலி, மாசியில் சுடுகிற ஒரு கூட்டத்துக்குச் சமம்.

அதையும் ஒருவர் தனியே செய்து பலனில்லை. வட்டை என்கிற ஒரே வயல்வெளியில் ஒரு கண்டம் முந்தி விதைத்து, அடுத்தது ஒரு மாதம் பிந்தி விதைத்தால், எலிக்கு இரண்டு கண்டத்திலும் மாறி மாறிப் பந்தி நடக்கும். ஈனுகிற காலமும் நீளும். எல்லாரும் இரண்டு கிழமை இடைவெளிக்குள் விதைத்து முடித்தால் அந்தக் காலம் சுருங்கும். நெல் ஆராய்ச்சியாளர்கள் ஆசிய நாடுகளில் பார்த்துச் சொன்னது இது. வரம்பை ஓர் அடிக்கு உள்ளாக ஒடுக்கமாகவும் பதிவாகவும் வைத்தால் எலிக்கு வளை தோண்ட இடமில்லை என்றதும் அவர்களே. மலேசியாவில் தொடங்கி ஜாவாவிலும் வியட்நாமிலும் சோதித்த ஒரு முறையும் உண்டு. 20 மீற்றர் நீள அகலத்தில் ஒரு சின்னப் பாத்தியை மற்றவர்களுக்கு 2, 3 கிழமை முந்தி நட்டு, சுற்றிவர பிளாஸ்டிக் தாளால் வேலி கட்டி, வேலியின் அடியில் ஓட்டை விட்டு, ஓட்டைக்கு உட்புறம் கம்பிக் கூடு வைக்கிறார்கள். முந்திய பயிரின் வாசத்துக்கு வருகிற எலி வேலி ஓரமாகவே ஓடி, ஓட்டையைக் கண்டு நுழைந்து கூட்டுக்குள் விழும். அந்த ஒரு பாத்தி 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயலைக் காக்கும். 25 ஏக்கர்! செலவைப் பத்துப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு என்ன வரும் என்று கணக்குப் பாருங்கள்.

வீட்டு வளவுக்கு வருவோம். தென்னையில் ஏறுகிற எலி குரும்பட்டியைக் காம்படியில் கடித்து ஓட்டை போடும், காய் உதிரும். மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே, ஓர் அடிக்குக் குறையாத அகலத்தில் தகரப் பட்டை சுற்றுங்கள். வழுக்கும் தகரத்தில் எலியின் நகம் பிடிக்காது. பக்கத்து மரத்தோடு ஓலை முட்டினால் அதை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தகரம் வீண். பொறி வைப்பவர்கள் முதல் நாளே பொறியைக் கட்டாதீர்கள். சுட்ட தேங்காய்ச் சொட்டும் கருவாட்டுத் துண்டும் வைத்து, இரண்டு மூன்று இரவு சும்மா தின்னவிடுங்கள். சந்தேகம் தீர்ந்த பிறகு கட்டுங்கள். குப்பையை மூடுங்கள். திருப்பெருந்துறையில் குப்பை மலையாகக் கிடந்த காலத்தை மறந்தவர் இந்தச் சபையில் இருக்க மாட்டார்கள்.

இரவுக் காவலுக்கு ஆள் வேண்டும் என்றால், அதற்கும் ஆள் இருக்கிறது. நாம் சாக்குருவி என்று கல்லெறிந்து துரத்துகிற கூகை. பூரண இருட்டறைக்குள்ளேயே, எலி காலடி வைக்கும் ஓசையை மட்டும் கேட்டு அது எலியைப் பிடிக்கும் என்பதை ரொஜர் பெய்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சோதித்துக் காட்டினார். வரம்பில் தென்னை மட்டை நாட்டினால் அது வந்து குந்தும். யோர்தானிலும் கூகையை அபசகுனம் என்றுதான் நம்பினார்கள். யுத்தம் செய்த இஸ்ரேலும் யோர்தானும் 2002 இல் இருந்து எல்லையின் இரு பக்கமும் கூகைக்குப் பெட்டி வைக்கும் வேலையில் சேர்ந்தன. நமது வட்டைகளிலும் தமிழரின் கண்டத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம்களின் கண்டம் கிடக்கிறது. எலி இரண்டையும்தான் வெட்டுகிறது. கூகையும் சாரைப்பாம்பும் இரண்டுக்கும்தான் காவல் இருக்கும். எலியைத் தேடி வருகிற சாரையைக் கண்டவுடன் தடியைத் தூக்குகிற பழக்கத்தையும் நாம் விட வேண்டும்.

கடைசியாக எலிக்காய்ச்சல். 2008 இல் இந்த நாட்டில் 7,406 பேருக்கு எலிக்காய்ச்சல் என்று பதிவானது, 204 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் அது உயிர் குடித்ததைப் பத்திரிகையில் படித்தோம். நோய் எலியின் சிறுநீரில் இருந்து சேற்றுக்கும், சேற்றில் இருந்து நமது காலில் இருக்கிற சின்ன வெடிப்புக்கும் போகிறது. சுட்ட எலியை வாலில் பிடித்துத் தூக்கிப் படம் எடுக்கிற பிள்ளைகளே, அந்த உடம்பைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். வயலுக்கு இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு டொக்சிசைக்கிளின் குளிசையை எடுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், வயலில் இறங்கினேன் என்று வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். நூறு எலியைச் சுட்டவருக்கும் சேற்றில் மிஞ்சிய கிருமி விலக்குத் தராது.

தம்பியின் கண் கூர்மையான கண். அந்தக் கண்ணை எனக்குத் தாருங்கள் என்று கேட்கிறேன். எங்கள் வட்டையில் வளை பார்க்க ஆள் தேவை.

நடுவர் அவர்களே, பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வட்டவிதானைமாரும் விவசாயிகளும் அதிகாரிகளும் இருந்து மூன்று திகதிகளை எழுதுகிறார்கள். குளத்து நீர் திறக்கிற திகதி, விதைப்பு முடிகிற திகதி, மாடுகளை வயலில் இருந்து அகற்றுகிற திகதி. நாலாவதாக, எல்லா வட்டையிலும் ஒரே நேரத்தில் வளை அடைத்து வெட்டுகிற கிழமை எது என்பதையும் அந்தக் கொப்பியில் எழுதும்படி, உங்கள் தீர்ப்போடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.