ஊதினால் தெரியாத போதை



அந்தி சாயும் வேளையில் வில்லியனூர்ச் சாலையைப் பார்த்திருக்கிறீர்கள். விழுப்புரம் நோக்கி விரைகின்றன பேருந்துகளும் லாரிகளும். ஓரத்திலே, கழனி வேலை முடித்துக் களைத்து நடக்கின்றனர் தாய்மார்கள். பாகூர் கொம்யூனிலும் இதே காட்சிதான். சாலை மட்டும் கடலூர்ச் சாலை. வண்டியில் போகிறவருக்காக வாதாட வழக்கறிஞர் உண்டு. நடந்து போகிறவருக்காக நான் பேசுகிறேன்.

காவலர் வண்டியை நிறுத்துகிறார், "ஊது" என்கிறார். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருப்பின் குற்றம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அது. முதல் முறைக்கு ஆறு திங்கள் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே! 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு அபராதம் 2,000 வரைதான். மதுக்கடை மலிந்த புதுவைக்கு இது தேவைதான், மறுக்கவில்லை.

ஆனால், கஞ்சா புகைத்தவன் ஊதினால்? கருவி சுழியம் காட்டும். காவலர் வழிவிடுவார். அவன் வண்டி கிளம்பும், அந்தத் தாய்மார் நடக்கும் அதே சாலையில்!

சட்டம் அவனை மறந்துவிடவில்லை. போதைப்பொருளின் பிடியிலே வண்டியைச் சரிவர அடக்கும் ஆற்றல் இழந்தவனும் குற்றவாளி என்று அதே பிரிவு கூறுகிறது. கூறுகிறது, சரி, அளவு எங்கே? மதுவுக்கு 30. கஞ்சாவுக்கு? எண்ணே இல்லை! ஆற்றல் இழந்தான் என்பதை எவர், எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? நான் நாடகக்காரன். மேடையிலே குடிகாரனைக் காட்டுவது எளிது, தள்ளாடினால் கைதட்டுவீர்கள். கஞ்சாக்காரனோ அமைதியாக அமர்ந்திருப்பான்; பிரேக்கை மிதிக்க வேண்டிய நொடியிலேதான் அவன் கால் பிந்தும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரிலேயே சாலையோரத்தில் உமிழ்நீரைச் சோதிக்கத் தொடங்கியது. இங்கிலாந்து 2015 மார்ச்சில் எண்ணையே வகுத்தது: கஞ்சாவின் மயக்கப்பொருள் ஒரு லிட்டர் இரத்தத்தில் 2 மைக்ரோ கிராம், அதற்குமேல் குற்றம். அண்டை மாநிலமாம் கேரளத்தின் காவல்துறை 2022இல் உமிழ்நீர்ச் சோதனை வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தது.

"நாமும் கருவி வாங்குவோம்" என்று அவசரப்படாதீர்கள்! விக்டோரியாவில் முதன்முதலாகப் பிடிபட்டவர்களில் ஒருவர் ஊரறியப் பழி சுமந்தார். ஆய்வகமோ, அவர் உமிழ்நீரில் போதை இல்லை என்றது. கருவி சந்தேகத்தைத்தான் காட்டும். அது சரியாகவே காட்டினாலும், "தொட்டான்" என்பதைச் சொல்லுமே தவிர "தடுமாறினான்" என்று சொல்லாது. சிறுநீரைச் சோதிப்பது இன்னும் கொடுமை. நாள்தோறும் புகைத்துவந்தவன் நிறுத்திப் பல வாரம் கழிந்த பின்னும் அது காட்டிக்கொடுக்கும். இன்று தெளிவாக ஓட்டும் லாரித் தொழிலாளியின் பிழைப்பை அன்றைய புகைக்காகப் பறிப்பதா?

ஆகவே சாலையில் உமிழ்நீர், உடனே மருத்துவர் எடுக்கும் இரத்தம், பிறகு ஆய்வகம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சோதனை. எண்ணை வகுக்க வேண்டியது நாடாளுமன்றம். மருத்துவரையும் ஆய்வகத்தையும் தரவேண்டியது புதுவை அரசு. அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் கேளுங்கள்: இரவு பத்து மணிக்குப் பாகூரிலே பிடிபட்டவனின் இரத்தத்தை எடுக்க மருத்துவர் எங்கே இருக்கிறார், முடிவு எத்தனை நாளில் வரும் என்று.