அடியார் பாதம் பேணுதல்

(கெங்குவார்பட்டியில் பழநிப் பாதயாத்திரை அடியார்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)





பத்துப்பாட்டுள் முதலாவது திருமுருகாற்றுப்படை. 'ஆறு' என்பதற்கு வழி என்பது பொருள். முருகப்பெருமானிடம் செல்லும் வழியைக் காட்டுதலின் அந்நூல் அப்பெயர் பெற்றது. பழநி அடிவாரத்துத் திருவாவினன்குடியும் அதனுள் போற்றப்பெறுகின்றது. நக்கீரர் உள்ளத்திற்கு வழி காட்டினார். அவ்வழியே நடக்கும் பாதங்களைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

இவ்வூரிலிருந்து வத்தலக்குண்டு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி செல்வோர், தார்ச்சாலை சுடும்போது ஓரத்து மணலில் இறங்கி நடப்பர். மணல் மெத்தென்று இருக்கும். ஆனால் அதில் நடப்பது எளிதன்று. உதிர்மணலில் கால் புதைவதால், கெட்டித் தரையில் நடப்பதைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் உடல் உழைக்க வேண்டும். கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் முதலில் வலிக்கும். ஆதலின் பாதங்களை ஒரு மண்டலம், அஃதாவது 48 நாள் முன்னரே பழக்குதல் வேண்டும்.

முதல் வாரம் வீட்டு முற்றத்தில் நாளும் 10 நிமிடம் வெறுங்காலுடன் நடந்தால் போதும். பின்னர் மண்பாதையில் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுக. அதன்பின் மஞ்சளாற்றங்கரையில் ஈரம் படிந்த கெட்டி மணலிலும், இறுதியில் உதிர்மணலிலும் நடந்து பழகுக. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொள்க. சுவரைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்தினால் கெண்டைக்கால் வலுப்பெறும். நகங்களை நேராக வெட்டுக. தடித்த தோலை முற்றிலும் சுரண்டி எடுத்தல் ஆகாது. அது இயற்கை தந்த கவசம். இரவில் குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவுக; விரலிடுக்கில் தடவற்க.

யாத்திரையின்போது விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலில் தங்குக. நீரில் ஊறிய பாதம் எளிதில் கொப்புளிக்கும். ஆதலின் நன்கு துடைத்து உலர்ந்தபின் நடக்க. கொப்புளத்தின் தோலை உரிக்காது, தூய துணியால் மூடுக. முள்ளோ கண்ணாடியோ குத்தக்கூடும் என்பதால், ரணஜன்னி தடுப்பூசி போட்டு 10 ஆண்டு கடந்ததா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிக.

இனிக் கூறுவதைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகின்றேன். நெடுநாள் சர்க்கரை நோயுடையார் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். சுடுமணல் சுட்டாலும் தெரியாது. முள் தைத்தாலும் வலிக்காது. வலியாத புண் ஆறாது வளர்ந்து, காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லும். கண்ணை மூடி அமர்ந்து, வீட்டார் ஒருவரை உங்கள் கால்விரல் நுனிகளை மெல்லத் தொடச் சொல்லுங்கள். தொட்டது சிறிதேனும் தெரியாது போனால், மருத்துவரைக் காணாமல் யாத்திரை புறப்படாதீர்கள். தெளிவாகத் தெரிந்தாலும் சர்க்கரை நோயுடையார் வெறுங்காலுடன் நடத்தல் தகாது. ஏற்ற காலணி அணிக.

"காலணி அணிந்தால் நேர்த்தி குறையாதோ?" என்று ஐயுறுவீர்கள். பெரியபுராணத்தில் அப்பரடிகளின் வரலாற்றை எண்ணுக. கயிலைக்குப் புறப்பட்ட அப்பெருமான் கால் தேய்ந்தது, கையால் தாவினார், மார்பால் ஊர்ந்தார், உடலால் உருண்டார். அவ்வுடல் மேலும் தேய்வதை இறைவன் விரும்பினானல்லன். பொய்கையில் மூழ்குமாறு பணித்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியை அருளினான். அடியார் கயிலைக்கு வந்து சேரவில்லையே என்று இறைவன் கணக்குப் பார்க்கவில்லை. காலணி அணிந்தோ வண்டியிலோ வருபவரிடம் மட்டும் கந்தவேள் கணக்குக் கேட்பானோ?

உடம்பு இறைவன் உறையும் கோயில். பாதம் அக்கோயிலின் அடித்தளம். அதனைப் பேணுதலும் விரதத்தின் பகுதியே. அனைவரும் ஊனமின்றிச் சென்று, தண்டபாணித் தெய்வத்தைத் தரிசித்து, நலமுடன் இல்லம் திரும்ப அவன் திருவருள் துணை நிற்பதாக!