காற்றுக்கு விலையில்லை, கருவிக்கு விலையுண்டு

(கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஞாயிறும் காற்றும் எவருக்கும் பட்டியல் அனுப்புவதில்லை. ஆகவே அவை தரும் மின்சாரமும் இலவசமாகவே கிடைக்குமென்று சிலர் பேசுகின்றனர். எரிபொருளுக்கு விலையில்லை என்பது மெய். ஆனால் கருவிக்கும் கம்பிக்கும் காணிக்கும் விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார்? இதுவே நம்முன் உள்ள வினா.

மாற்றம் வேண்டாமென்று நான் கூறவில்லை. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியதை, வெங்காயத் தோட்டத்துக்கு நீரிறைத்தவர் எவரும் மறந்திரார். பிறநாட்டு எண்ணெயை நம்பிய கமம் பிறர் கையிலுள்ள கமமே. ஆயினும் எண்ணெயைப் போத்தல் போத்தலாக வாங்கலாம். சூரிய சக்தி இயந்திரத்துக்கோ பல ஆண்டுச் செலவை முதல் நாளிலேயே கொட்ட வேண்டும். காணியை ஈடுவைத்து வட்டிக்குக் கடன்படும் கமக்காரருக்கு இது இயலுமா?

அடுத்த இடர் நேரத்தைப் பற்றியது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தது. அப்போது கூரைகளிலுள்ள சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சும், பொழுது சாய்ந்து விளக்கேற்றும் வேளையில் போதாது. மிச்சத்தைச் சேமிக்கும் மின்கலங்களும், மன்னாரின் காற்றைத் தெற்கே கொண்டு செல்லும் உயரழுத்தக் கம்பிகளும் பெரும்பொருள் கேட்பவை.

மூன்றாவது, ஒப்பந்தம். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்கவிருந்த அதானி நிறுவனத்துக்கு, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் வீதம் 20 ஆண்டுகளுக்குக் கொடுக்க 2024 மே மாதத்தில் அமைச்சரவை இசைந்தது. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிற்று. அதே ஆண்டில், கேள்விப்பத்திரப் போட்டியின்வழி மன்னாரில் 50 மெகாவாட் நிலையமொன்றுக்குக் கிடைத்த விலை 4.65 சதம். திட்டங்களின் அளவும் நிபந்தனையும் வேறாகலாம். வீசும் காற்று ஒன்றே! இத்தகைய வேறுபாட்டை இறுதியில் கட்டுபவர் மின்பட்டியல் பெறும் ஒவ்வொருவருமே.

2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். வெள்ளம் வடியும் வழி அடைபடும், கடற்றொழில் நலியும் என்பது அவர்தம் அச்சம். அவர்கள் ஒளிக்குப் பகைவர் அல்லர். தம்மைக் கேளாது தம் மண்ணில் தூண் நாட்டுவதையே எதிர்த்தனர்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. சிறு கமக்காரருக்குக் குறைந்த வட்டியில் நெடுங்காலக் கடன் வேண்டும். ஒவ்வோர் ஒப்பந்தமும் பகிரங்கப் போட்டியில், ஊரறிய நடைபெறல் வேண்டும். காணிக்கும் கரைக்கும் உரிய மக்களின் இசைவு முன்னரே பெறப்படல் வேண்டும். வருவாயில் அவர்க்குப் பங்கும் எழுத்தில் அமைதல் வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல; உரிமைகள். ஊர்தோறும் சங்கம் அமையுங்கள்; ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கையொப்பம் விழுந்தபின் எழுப்பும் குரலை விட, விழுமுன் கேட்கும் கேள்வியே வலியது.