கூடு ஒரு ஊரில், இரை நம்ம எல்லா ஊரிலும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீடு, ரெண்டு ஆடு, குழுவோட கணக்கு நோட்டு, இதுதான் என் அன்றாடம். இன்னைக்குக் கடனைப் பத்தியோ சேமிப்பைப் பத்தியோ பேசப் போறதில்ல. நம்ம குளங்களுக்கு வர்ற பறவைகளைப் பத்திப் பேசப் போறேன்.

நம்ம நாங்குநேரி வட்டாரத்துல கூந்தன்குளம் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். 1994-ல் அது பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2022-ல் உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்திருக்கு. ஆனா போர்டு வைக்கிறதுக்கு ரொம்ப காலத்துக்கு முன்னாடியே அந்த ஊர் ஜனங்க பறவைகளைக் காப்பாத்திட்டு வர்றாங்க. மஞ்சள்மூக்கு நாரை குளத்துக் கருவேல மரத்துல மட்டுமில்ல, ஊருக்குள்ள வீட்டுப் பக்கத்து மரத்துலயும் கூடு கட்டும். வாசல்ல எச்சம் விழும், மீன் வாடை அடிக்கும். யாரும் விரட்ட மாட்டாங்க. பேறுகாலத்துக்குத் தாய் வீடு வந்த மக மாதிரி பாக்காங்க. வேட்டுச் சத்தமும் கூடாதுன்னு இருக்காங்க.

இதுல நமக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. கூடு மட்டும்தான் அந்த ஊர்ல இருக்கு. இரை தேட அந்தப் பறவைகள் சுத்துப்பட்டு ஊர்க் குளத்துக்கும் வயலுக்கும்தான் பறந்து வருது. நம்ம குளத்துல மீன் இருந்தாத்தான் அங்க குஞ்சு உயிரோட இருக்கும். அதனால ஒரு ஊர் மட்டும் நல்லா இருந்தா பத்தாது. பல ஊர்ப் பொம்பளைங்க சேர்ந்த இந்தக் கூட்டமைப்புல நான் இதைப் பேசுறது அதுக்காகத்தான்.

நம்ம பிள்ளைகளுக்கு இதை மாசக் கணக்கா சொல்லிக் குடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில குளம் பெருகும். மார்கழி, தையில நாரை வந்து சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் வரும். இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்தும் குளிர்காலத்துல இங்க வந்து தங்கிட்டுப் போகும். மாசி, பங்குனியில முட்டையும் குஞ்சும். நாரை முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாசம். குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். சித்திரை வெயில்ல தாய் நாரை ரெக்கையை விரிச்சுக் குஞ்சுக்கு நிழல் குடுக்கும். அலகுல தண்ணி கொண்டாந்து குஞ்சு மேல ஊத்தும். அந்த நேரம் ஒரு வேட்டுச் சத்தத்துக்குத் தாய் பறந்து போச்சுன்னா, குஞ்சு வெயில்ல காயும், முட்டையைக் காக்கா கொத்தும்.

நம்ம பக்கம் கோயில் கொடையும் பல ஊர்ல பங்குனி, சித்திரையிலதான் வருது. போன வருஷம் எங்க குழுவுல அஞ்சு பேர் கொடைக் கமிட்டியில போய்ப் பேசினோம். "சாமிக்குக் கொடை குடுக்கிறதா, பறவைக்குத் தாலாட்டுப் பாடுறதா?"ன்னு ஒருத்தர் கேலி பண்ணினார். எங்க குழுவுல மூத்த ஆச்சி, "சாமி வேட்டுச் சத்தத்துல மட்டுந்தான் முழிக்குமா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. கடைசியில குளத்தங்கரையில வேட்டுப் போடுறதில்ல, குழாய் ஸ்பீக்கரைக் குளத்துப் பக்கம் திருப்பிக் கட்டுறதில்லன்னு ஒத்துக்கிட்டாங்க. ஊருக்குள்ள வேட்டு இன்னும் நிக்கல. இந்த வருஷமும் போய்க் கேப்போம்.

"நாரை மீனைத் தின்னுட்டாக் குத்தகைக்காரனுக்கு நட்டம்தானே"ன்னு சிலர் சொல்றாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பறவை தின்னுட்டு மட்டும் போறதில்ல. அதோட எச்சம் கலந்த தண்ணியும் வண்டலும் வயலுக்கு உரம். நத்தைக்குத்தி நாரை வயல் நத்தையைத் தின்னுது. ஏர் ஓட்டும்போது பின்னாலயே வர்ற கொக்கு பூச்சியைப் பொறுக்குது. இதுக்கெல்லாம் நம்மகிட்ட யாரும் கூலி கேக்கல.

வேடந்தாங்கல்ல விவசாயிங்க இதை அப்பவே புரிஞ்சிருந்தாங்க. வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பறவைகளைச் சுட்டப்போ கலெக்டர்கிட்ட முறையிட்டு, 1798-ல் பாதுகாக்கிற உரிமையை எழுத்துல வாங்கினாங்க. கேட்டது ஊர் ஜனங்கதான்.

இப்ப நான் நாலு விஷயம் கேக்கேன். ஒண்ணு, பங்குனி, சித்திரை கொடைக்கு முன்னாடியே ஒவ்வொரு ஊர்க் குழுவும் கமிட்டியில பேசணும். ரெண்டு, கொக்கு, நாரையைப் பிடிச்சு ரோட்டோரம் வித்தா வாங்கக் கூடாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம். வாங்க ஆள் இல்லன்னா வலை போட ஆள் இருக்காது. மூணு, குளத்து வேலைக்குப் போகும்போது சீமைக் கருவேலத்தை வெட்டட்டும், நாட்டுக் கருவேலத்தை விட்டு வைக்கச் சொல்லுங்க. கோடையில கடைசித் தண்ணியையும் மோட்டார் வச்சு இறைச்சு மீன் பிடிக்க விடாதீங்க.

நாலாவது பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு நாப்பது பக்க நோட்டு போடுவோம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போய், என்ன பறவை வந்தது, எத்தனை, என்ன செஞ்சதுன்னு எழுதச் சொல்வோம். பேர் தெரியலன்னா ஆச்சி, தாத்தா என்ன பேர் சொல்றாங்களோ அதை எழுதட்டும். பொங்கல் நாள்கள்ல தமிழ்நாடு பூராவும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கு. நம்ம பிள்ளைகளும் அதுல சேரலாம். மரத்துலருந்து விழுந்த குஞ்சைப் பாத்தா விளையாடத் தூக்காம, வனத்துறைக்குச் சொல்லவும் பழக்கணும்.

பத்து ரூபா, இருபது ரூபான்னு சேத்துத்தான் நாம இந்தக் கூட்டமைப்பு ஆனோம். குளமும் அப்படித்தான். ஒவ்வொரு ஊரும் கொஞ்சம் விட்டுக் குடுத்தா நிறையும். அடுத்த மாசக் கூட்டத்துல இந்த நாலையும் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிடுதேன். எழுதுற வேலையை நானே செய்யுதேன்.