புதியவரை எப்படி எடைபோடுவது?

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



அரசு நம் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் ‘பாஸ் லினக்ஸ்’ இருந்ததை நீங்கள் அறிவீர்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய அந்த இயங்குதளத்துக்கு அடித்தளம் டெபியன். 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியனை இன்றும் தன்னார்வலர்களே வளர்க்கிறார்கள். அங்கே சம்பளம் இல்லை. ஆள் எடுக்கத் தனி அலுவலகமும் இல்லை. பிறகு எப்படிப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? மதிப்பீட்டையே அன்றாட வேலையாகக் கொண்ட நாம் இதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உறுப்பினர் ஒருவர் பதிவேற்றும் மென்பொருள், உலகெங்கும் உள்ள கணினிகளுக்குள் முழு அதிகாரத்துடன் நுழையும். எனவே கண்ணை மூடிக்கொண்டு யாரையும் சேர்க்க முடியாது. 1999இல் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். 2000இல் புதிய நடைமுறையோடு மீண்டும் தொடங்கினார்கள். விண்ணப்பிப்பவர் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். கொள்கை, நடைமுறை, தொழில்திறன் குறித்த வினாக்களுக்கு மின்னஞ்சலில் விடையளிக்க வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வினாக்கள் ஏராளம். அவற்றுக்கான விடைகளைத் திருத்துபவரும் தன்னார்வலரே. சொந்த வேலை முடிந்த பிறகுதான் அவர் உட்கார முடியும். காத்திருப்பு மாதக்கணக்கில் நீண்டதுண்டு. சம்பளத்துக்காக வராதவர் எவ்வளவு நாள் காத்திருப்பார்? சொல்லிக்கொள்ளாமலே போய்விடுவார். கண்டிப்பு தகுதியற்றவரைத் தடுக்கும்; தாமதமோ தகுதியானவரையும் விரட்டிவிடும்.

டெபியன் இரண்டு வழிகளைக் கண்டது. 2007இல் வாக்கெடுப்பு நடத்தி, ‘டெபியன் பராமரிப்பாளர்’ என்ற இடைப்படியை உருவாக்கியது. இவர் தமக்கென அனுமதிக்கப்பட்ட தொகுப்புகளை மட்டும் பதிவேற்றலாம். முழு அதிகாரம் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அவர் செய்யும் வேலையே அவரைப் பற்றிய சான்றாகிறது. 2010இல் மற்றொரு வாக்கெடுப்பு. மொழிபெயர்ப்பு, ஆவணம் எழுதுதல் போன்ற பணிகளைச் செய்பவர்களும் உறுப்பினராகலாம் என்று முடிவாயிற்று. திறன் என்பது ஒரே வகையல்ல என்பதை அந்த முடிவு ஏற்றுக்கொண்டது.

நம் வகுப்பறைக்கு வருவோம். மனப்பாடம் செய்த நிரலை ஒரு மாணவி பிழையின்றி எழுதிவிடலாம். பிழையுள்ள நிரலைக் கொடுத்து, “எங்கே தவறு? ஏன் இப்படித் திருத்தினாய்?” என்று கேட்டால்தான் அவளுடைய சிந்தனை வெளிப்படும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் முதலில் ஒரு கணினியின் பொறுப்பைக் கொடுங்கள். நன்றாகச் செய்தால் ஒரு வரிசையைக் கொடுங்கள். நிரல் எழுத வராத மாணவனிடம் செய்முறைக் குறிப்பைத் தெளிவான தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதையும் மதிப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விரைவாகப் பதில் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பும் நோட்டில் உள்ள பத்துத் திருத்தங்களைவிட, மறுநாளே கிடைக்கும் ஒரு வரி குழந்தையைக் கற்க வைக்கும். மதிப்பீடு என்பது வாசலில் நின்று வடிகட்டும் வேலை மட்டுமல்ல. உள்ளே வா என்று கைப்பிடித்து அழைக்கும் வேலையும்தான்.