சொன்ன பதிலைத் திருத்தும்போது

(டிரஸ்ட்டின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் கேள்விகள் வருகின்றன. உதவித்தொகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எங்கே போவது, நகைக்கு ஜகாத்தை எப்படிக் கணக்கிடுவது என்று பலவும் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. சொன்ன பதிலைப் பிறகு மாற்றுகிறோமே, அதற்கும் ஓர் அதபு இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2023 முதல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த முடிகிறது. திருத்தியதாகச் சின்னக் குறி ஒன்று விழும். ஆனால் முன்பு என்ன எழுதியிருந்தோம் என்பது படிப்பவருக்குத் தெரியாது. போனும் மறுபடி ஒலிக்காது. ஒரு தாய் "வருமானச் சான்றிதழ் மட்டும் போதும்" என்ற பதிலைப் பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து நாம் அதே வரியில் "சாதிச் சான்றிதழும் வேண்டும்" என்று சேர்க்கிறோம். குழுவில் பதில் சரியாகிவிட்டது. அவரோ அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார். அதற்குள் அந்தப் பதிலை யாராவது ஃபார்வர்டு செய்திருந்தால், அந்த நகலும் பழையபடியே இருக்கும்.

எழுத்துப் பிழையைத் திருத்துவதில் குற்றமில்லை. செய்ய வேண்டிய காரியமே மாறுகிறது என்றால், பழைய பதிலை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே "திருத்தம்" என்று தேதியோடு புதிதாக எழுதுங்கள். எது மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரி போதும். கேட்டவருக்குத் தனியாக ஒரு போனும் செய்துவிடுங்கள்.

சில பதில்கள் சொன்ன அன்று சரியாகவே இருக்கும், காலம் மாற்றிவிடும். ஒன்றிய அரசின் சிறுபான்மையினர் பிரீ-மெட்ரிக் உதவித்தொகை முன்பு 1ஆம் வகுப்பிலிருந்தே கிடைத்தது. 2022-23இல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். அதற்கு முன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியவர் மீது தவறில்லை. ஆனால் அதில் தேதி இல்லாவிட்டால், இன்று படிப்பவருக்கு அது பழைய செய்தி என்று எப்படித் தெரியும்?

இன்னொன்றும் நடக்கிறது. கடைசித் தேதி தவறு என்று ஒரு கல்லூரி மாணவி சுட்டிக்காட்டுகிறாள். பதில் சொன்ன பெரியவர் சத்தமில்லாமல் தேதியை மாற்றிவிடுகிறார். பிறகு படிப்பவர்களுக்கு அந்தப் பெண் என்னவோ உளறியது போலத் தெரிகிறது. பேசாமல் செய்தியையே அழித்துவிடுவோரும் உண்டு. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அடுத்த முறை அவள் வாய் திறப்பாளா? "தங்கச்சி சொன்னதுதான் சரி" என்று எழுதினால் பெரியவருக்கு என்ன குறைந்துவிடும்?

உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் வந்த ஒரு வாரிசு வழக்கை ஆலிம்கள் அறிவார்கள். இறந்துபோன பெண்ணுக்குக் கணவர், தாய், தாய்வழிச் சகோதரர்கள், உடன்பிறந்த சகோதரர்கள் இருந்தார்கள். கணவருக்குப் பாதி, தாய்க்கு ஆறில் ஒன்று, தாய்வழிச் சகோதரர்களுக்கு மூன்றில் ஒன்று போனால் மிச்சம் எதுவும் இல்லை. முதல் முறை உடன்பிறந்தவர்களுக்குப் பங்கில்லை என்றே தீர்ப்பளித்தார்கள். பின்னர் அதே போன்ற வழக்கு வந்தது. "எங்கள் தந்தையை ஒரு கழுதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், தாய் ஒருத்திதானே!" என்று உடன்பிறந்தவர்கள் வாதாடியதாகச் சொல்வார்கள். அந்த மஸ்அலாவுக்கு ஹிமாரிய்யா என்றே பெயர் வந்தது. இம்முறை அந்த மூன்றில் ஒரு பங்கில் அவர்களையும் சேர்த்தார்கள். முன்பு வேறு மாதிரி தீர்ப்பளித்தீர்களே என்று கேட்டபோது, முந்தையது அன்றைய தீர்ப்பு, இது இன்றைய தீர்ப்பு என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். முதல் தீர்ப்பை மறைக்கவுமில்லை, கலைக்கவுமில்லை. இரண்டும் நமக்கு வந்து சேர்ந்தன. ஹனஃபி மத்ஹப் முதல் தீர்ப்பின்படியும், ஷாஃபிஈ மத்ஹப் இரண்டாவதன்படியும் செல்கின்றன.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் இராக்கில் சொன்ன பல கருத்துகளை எகிப்துக்குப் போன பின் மாற்றினார்கள். பழையது கௌல் கதீம், புதியது கௌல் ஜதீத் என்று மாணவர்கள் இரண்டையும் எழுதிவைத்தார்கள். மஃரிப் தொழுகை நேரம் எதுவரை என்பதில் பழைய கருத்தையே பின்னால் வந்த அறிஞர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

நம்மில் ஒருவர் வெளிப்படையாகத் திருத்தினால், "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க" என்று சிரிக்கும் படம் போடுகிறோம். பிறகு அவர் ஏன் வெளிப்படையாகத் திருத்தப் போகிறார்? ஆகவே இந்த வேண்டுகோளில் பாதி, பதில் சொல்பவர்களுக்கு இல்லை. குழுவில் படித்துக்கொண்டு இருக்கிற நமக்குத்தான்.

இந்த மாதம் முதல் டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு நோட்டு வைக்கிறோம். உதவித்தொகை பற்றிக் கேட்பவரின் பெயர், போன் நம்பர், நாம் சொன்ன பதில், தேதி ஆகியவற்றை அதில் எழுதுவோம். விதி மாறினால் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்ய இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். போன மாதம் கேட்டவர்களும் அஸருக்குப் பிறகு வந்து தங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வஸ்ஸலாம்.